கோரிமேட்டில் பார்த்த முகம்

பி.யூ.சி.யில் சைக்காலஜி எடுக்க வேண்டுமென்று நான் ஆசைப்பட்டதில்லை. அப்படி ஒரு பாடம் இருப்பதே எனக்குத் தெரியாது. கணக்கில் நான் வாங்கியிருந்த மார்க்கைப் பார்த்துவிட்டு, கல்லூரி ஆபீசில் இருந்தவர், "சயின்ஸ் குரூப் கெடைக்காது. ஹிஸ்டரி, லாஜிக், சைக்காலஜி இருக்குது. சேந்துக்கிறியா?" என்றார். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அப்பா மில்லில் ஷிப்டு முடிந்து நேராக அங்கே வந்திருந்தார். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அது என்னா படிப்பு சார்?" என்று கேட்டார்.

"மனசப் பத்தி."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டிவிட்டேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பிளஸ் டூ இன்னும் வந்திருக்கவில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இந்தச் செய்தி சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. குழாயடியில் குடத்தோடு நின்றால், "என் மனசுல என்னா ஓடுதுன்னு சொல்லு பாப்போம்" என்று யாராவது வம்பு பண்ணுவார்கள். குடம் எப்போது நிறையும் என்று ஓடுகிறது என்பேன். சிரிப்பார்கள். வகுப்பிலோ எனக்குச் சிரிப்பே வராது. எல்லாம் இங்கிலீஷ். தமிழில் படித்துவிட்டு வந்தவளுக்கு முதல் பருவம் முழுக்கத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புரிய ஆரம்பித்த பிறகுதான் தொல்லை. புத்தகத்தின் கடைசியில் மனநோய்கள் பற்றி ஒரு சின்னப் பாடம் இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து கண்ணில் பட்டவர்களெல்லாம் நோயாளிகளாகத் தெரிந்தார்கள். அம்மா பூட்டிய கதவைத் திரும்பவும் இழுத்துப் பார்த்தால் ஒரு நோய். பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனால் இன்னொரு நோய். அக்கா தையல் மெஷினில் குனிந்தபடி காரணமில்லாமல் புன்னகைத்தால் அதுவும் ஒரு நோய். அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், அதனால் சிரிக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே தோன்றாது.

மாப்பிள்ளை அடுத்த தெருதான். மின்சார இலாகாவில் ஒயர்மேன். அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும். ஓர் அண்ணன் இருந்தார். மைக் செட் வைத்திருந்தவர். கோயில் திருவிழா, காதுகுத்து எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அவர் குரல்தான் முதலில் கேட்கும். ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் தெருவில் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்று சொல்வோம். அப்படி ஒரு சொல்தா குடும்பம் ஊருக்கு வந்து திரும்பும்போது, வீட்டு வேலைக்கும் துணைக்குமாக அவரையும் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாக அவர் அம்மா சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எந்தத் தெருவில் பார்த்தாலும் ஒருவர் பிரான்சில் இருப்பார்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்த சமயம், சைக்காலஜி மிஸ் எங்களை கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அனுமதி வாங்கினார். மனநோய்ப் பிரிவைப் பார்ப்பதற்கு. சின்னப் பிள்ளைகளை அங்கே எதற்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கல்லூரியில் ஒரே பேச்சு. மிஸ் விடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மர நிழலில் எங்களை நிறுத்தி, "உள்ள பாக்கறது உள்ளயே இருக்கணும். தெரிஞ்ச முகமா இருந்தாலும் வெளிய வந்து யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வீட்லகூட. முடியாதுன்னு நெனைக்கறவங்க இங்கயே ஒக்காருங்க" என்றார். யாரும் உட்காரவில்லை. எல்லோரும் "சொல்ல மாட்டோம் மிஸ்" என்று சேர்ந்து சொன்னோம்.

நான் பயந்தது போல உள்ளே கூச்சலோ சங்கிலியோ இல்லை. ஒரு நீளக் கூடத்தில் மேஜை போட்டு, தேறிவருகிறவர்கள் பழைய காகிதத்தில் கவர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசை வாசனை. ஒரு ஊழியர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் மேஜை ஓரமாக நடந்தபோது, குனிந்து மடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார்.

முகம் ஊதியிருந்தது, முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆனாலும் தெரிந்துவிட்டது. மைக் செட்டுக்காரர்.

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நான் பிரான்சுல இருக்கேன்னு சொல்றாங்களாமே?"

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி சொன்னான். வாராவாரம் வருவான்." பசை பூசிய விரலைக் காகிதத்தில் துடைத்தார். "உங்க அக்காவத்தானே அவனுக்குப் பேசியிருக்குது? நல்ல பொண்ணு. அங்க ரொம்பக் குளுருதுன்னு சொல்லு."

சிரித்தாரா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஊழியர் எங்களை அடுத்த அறைக்குக் கூப்பிட்டார். கூட வந்தவள், "யாருடி அது?" என்றாள். தெரியாது என்றேன். அடுத்த அறையில் காட்டியது எதுவும் என் கண்ணில் ஏறவில்லை. புத்தகத்தில் பரம்பரை பற்றி எழுதியிருந்த ஒரு பத்தி மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு பற்றிய பத்தி.

வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு மல்லிகைச் சரம் கொண்டுவந்திருந்தார். கையில் காப்பி டம்ளர்.

"பெரியவனால கல்யாணத்துக்கு வர முடியாதாம். லீவு இல்லியாம். சென்ட்டு அனுப்புறேன்னு சொல்லியிருக்கான்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா. காலேஜ் இவ்ளோ நேரமா?" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் அம்மா பெருமையாக முந்திக்கொண்டார். "இன்னிக்கு காலேஜ் இல்ல. மனசப் பத்திப் படிக்கறாளே, அதுக்காக கோரிமேட்டுக்கு அழைச்சிக்கினு போனாங்க. பைத்தியம் புடிச்சவங்களைக் காட்டுறாங்களாம்."

டம்ளர் அவர் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நான் சுவரைப் பார்த்தேன். அக்கா சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டே, "பயமா இல்லியாடி?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அவர் காப்பியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது. "வெயில்ல அலைஞ்சிருக்க. போய்ப் படு. ஒண்ணும் பேசாம படு" என்றார். அம்மாவுக்கு அது பாசமாகத்தான் பட்டிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயம். அம்மா பலகாரத்துக்கு அரிசி ஊறவைப்பதைப் பற்றியும், அப்பா யார் யாரை அழைப்பது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு வேளையும் சோற்றைப் பிசைந்துகொண்டே அக்காவைப் பார்ப்பேன். வாயைத் திறந்தால் போதும். ஆனால் மர நிழலில் கொடுத்த வார்த்தை தடுத்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், காரணம் தெரு முழுக்கப் பரவும், கூடத்தில் கவர் ஒட்டிக்கொண்டிருந்தவரை அதற்கப்புறம் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். சொல்லாவிட்டால், என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் தெரியாமல் போய் ஒரு பொய்க்குள் வாழ்வாள்.

மிஸ்ஸைத் தேடிப் போனேன். ஆசிரியர் அறையில் அவர் தனியாக இருந்தார்.

"மிஸ், அண்ணனுக்கு இந்த நோய் இருந்தா தம்பிக்கும் வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். புஸ்தகத்துல எழுதியிருக்கறது ஆயிரம் பேரைப் பாத்து எழுதுனது. ஒரு ஆளப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது." பேனாவை மூடிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "அன்னிக்கு யாரையாவது பாத்தியா?"

தலையைக் குனிந்தேன்.

"என்கிட்டயும் சொல்லாத" என்றார் சட்டென்று. அப்புறம் தணிந்து, "உன் விஷயமா இருந்தா நீ சொல்லலாம். இது வேற யாரோடதோ" என்றார். மூடிய பேனாவைத் திறந்து மறுபடி எழுத ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவு படித்தவர் என்னை வெறும் கையோடு அனுப்புகிறாரே என்று.

வேற யாரோடதோ. கல்லூரியிலிருந்து நடந்து வரும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. அப்படியானால் அதைச் சொல்ல வேண்டியவர் இருக்கிறார்.

மாப்பிள்ளை இருந்தது கம்பத்தின் மேலே. எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் லைன் போயிருந்தது. ஏணி சாய்த்து, இடுப்பில் கயிறு கட்டி, கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒருவர். சுற்றிலும் கரண்டு வரக் காத்திருக்கும் கடைக்காரர்கள். நான் எதிர்ப்புறம் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். குறடு கையில் அப்படியே நின்றது. கீழே இருந்தவர், "என்னா அண்ணே, முடிஞ்சிதா?" என்று கத்தினார். கம்பத்தின்மேல் ஓர் ஆள் அசையாமல் நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்! நான் வந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

வேலையை முடித்து இறங்கி, கூட இருந்தவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு என் பக்கம் வந்தார். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. மாமா என்று கூப்பிடச் சொல்லி அம்மா பழக்கியிருந்தார். அன்றைக்கு வாயில் வரவில்லை.

"பொண்ணோட தங்கச்சி வந்துச்சின்னு அண்ணன் சொன்னாரு" என்றார் அவரே.

"நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

மூச்சு விட்டார்.

"ஆனா நீங்க சொல்லணும். நிச்சயத்துக்கு முன்னாடி."

"சொல்லலன்னா?"

அதை நான் யோசித்துக்கொண்டு வரவில்லை. "தெரியல" என்றேன்.

"எங்க அம்மா உசுர விட்டுடும்" என்றார். உள்ளங்கையில் இருந்த கறுப்பைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது போகிற கறுப்பு இல்லை. கடையில் விளக்கு எரிய, யாரோ கை தட்டினார்கள். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்துவிடுவேன். பால்காரராக இருக்கும். பாடம் படிக்க உட்கார்ந்தால் எழுத்து நகரும். "என்னாடி, பேய் அடிச்ச மாதிரி இருக்க" என்று அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜாக்கெட்டுக்கு மார்பளவு எடுக்கும்போதுகூட அவள் கை அவ்வளவு மென்மையாக இருக்காது. எனக்கு அழுகை வந்தது. தலைவலி என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மில் சங்கு ஊதி, அப்பா வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கொல்லையில் அம்மா மாவு இடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வந்தார். தனியாக. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வாங்க வாங்க, ஒக்காருங்க" என்றார்.

அவர் உட்காரவில்லை. "மாமா, எங்க அண்ணன் பிரான்சுல இல்ல" என்றார்.

உலக்கைச் சத்தம் நின்றது.

"கோரிமேட்டு ஆஸ்பத்திரில இருக்காரு. மனசு சரியில்லாம போச்சி. இப்ப தேவலாம். அம்மாவுக்குத் தெருவுல சொல்ல வெக்கமா இருந்துச்சி. உங்ககிட்ட மறைச்சது தப்பு."

அப்பா துண்டை மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நாளைக்கு வரச்சொன்ன ஜனங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்து அக்காவின் குரல் வந்தது. "இத இன்னிக்குச் சொல்லணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். "யாரும் சொல்லல. நானாத்தான்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் ஒரு பொய்யைக் கழற்றிப் போட்ட கையோடு இன்னொன்றை மாட்டிக்கொள்கிறாரே என்று எனக்குப் பதறியது. "நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றேன். "அங்க போனப்ப அவரைப் பாத்தேன்."

அம்மா மாவுக் கையோடு வந்து என் முதுகில் ஒன்று வைத்தார். "பெத்தவகிட்ட சொல்லாம, போய் அவங்ககிட்ட சொல்லியிருக்கியே! இதுதான் ஒனக்குச் சொல்லிக் குடுக்கற படிப்பா?" அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. நிச்சயத்தைத் தள்ளிவைத்திருப்பதாக அப்பா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சொந்தத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றாராம்.

இரண்டு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. மெஷின் ஓயாமல் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "கோரிமேட்டுக்கு எந்த பஸ்ஸு?"

அம்மா தடுத்தார். அப்பா, "போகட்டும் விடு" என்றார்.

பார்வை நேரத்தில் மாப்பிள்ளையின் அண்ணனை வெளியே வேப்ப மரத்தடி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். அக்கா அவர் எதிரில் உட்கார்ந்தாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அவள் கை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"உங்களுக்கு என்னா பண்ணும்?" என்று நேராகக் கேட்டாள். எங்கள் புத்தகம் பல பக்கம் எடுத்துக்கொண்ட கேள்வி.

அவர் யோசித்தார். "மைக் செட்ட நிறுத்துன பிறகும் காதுல பேச்சு நிக்கல. என்னையே திட்டுற பேச்சு. அம்மா மேலயே கைய ஓங்கிட்டேன்."

"இப்ப?"

"மாத்திரை போட்டா தூரத்துல கேக்குது. பக்கத்து ஊர்க் கல்யாணம் மாதிரி."

"வீட்டுக்கு வந்தா மாத்திரை போடுவீங்களா?"

"எடுத்துக் குடுத்தாப் போடுவேன். நானா மறந்துருவேன்."

அக்கா கொண்டுபோயிருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தாள். அவர் ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள். பிதுங்கும் கூட்டம். பாதி வழியில் என் காதருகே சொன்னாள்.

"அண்ணன் சீக்காளின்றது எனக்குப் பெருசா தெரியலடி. இவரு மறைச்சதுதான் பெருசு. சரி, வந்து சொன்னாரேன்னு மனச ஆத்திக்கலாம். ஆனா நீ போயி கேக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பாரா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது. அந்த ஒண்ண நீ என்கிட்டேருந்து எடுத்துட்ட."

கண்டக்டர் சீட்டுக் கேட்டு வந்தார். நான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நான் செய்தது சரி என்று அன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

அக்கா சம்மதிக்கப் பல வாரம் எடுத்துக்கொண்டாள். அதுவரை மாப்பிள்ளை எங்கள் தெரு வழியாகச் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போவார். யாரையும் பார்க்க மாட்டார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னால் அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. பிரான்சிலிருந்து வந்துவிட்டான் என்று மாமியார் தெருவில் சொல்லிவைத்தார். கல்யாணம் முடிந்த வாரமே ஒரு பக்கத்து வீட்டுக்காரி, "எனக்கு சென்ட்டு பாட்டிலு இல்லியா?" என்று கேட்டு வந்தாள். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே, "அவரு கோரிமேட்டுலதான் இருந்தாரு. மாத்திரை சாப்புடறாரு. சென்ட்டு இல்ல, காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள். மாமியார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். கொஞ்ச நாள் தெருவில் பேசினார்கள். அப்புறம் வேறு வீட்டில் வேறு ஏதோ நடந்தது, அதைப் பேசப் போய்விட்டார்கள்.

பரீட்சையில் மனநோய்ப் பாடத்திலிருந்து கேள்வி வந்தது. நான் அதை விட்டுவிட்டு ஞாபகசக்தி பற்றி எழுதினேன். இரண்டாம் வகுப்பில் பாஸ். அப்புறம் டிகிரிக்குச் சரித்திரம் எடுத்தேன். சைக்காலஜிக்கு எங்கள் ஊரில் அப்போது மேற்கொண்டு வழியில்லை. வழி இருந்திருந்தாலும் போயிருப்பேனா என்று தெரியாது.

எண்பதுகளில், எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு, ஒரு மழைக்காலத்தில் மாமாவின் அண்ணனுக்கு நோய் திரும்ப வந்துவிட்டது. ரெண்டு மூணு வாரமாக மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கித் துப்பியிருக்கிறார். அவர் சாப்பிடும்போது தலையைச் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்பதை முதலில் பார்த்தது அக்காதான். ஆட்டோ பிடித்துத் தானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாள். செய்தி கேட்டு நான் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நனைந்த புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மாமா மருந்து வாங்கப் போயிருந்தார்.

"ஒரு நாளு ஒங்க மாமாவக் கேட்டுட்டேன்டி" என்றாள் திடீரென்று. "அன்னிக்கு இவ வந்து கம்பத்துக்குக் கீழ நிக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களான்னு."

"என்னா சொன்னாரு?"

"சொல்லியிருக்க மாட்டேன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. சோறு போட்டேன். பொய் சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

மாமா குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். டாக்டர் உள்ளே கூப்பிடுகிறார் என்று நர்ஸ் வந்து சொன்னார். யார் வருகிறீர்கள் என்று கேட்டார். அக்கா எழுந்து, முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டு உள்ளே போனாள். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். அந்த முறை அண்ணனை ஒரு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் மாத்திரை போட்டதும் அக்கா அவரை வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். அவரும் குழந்தை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டுவார்.